நஸ்லியா நின்ற கல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மடவளைச் சந்தியில் ஒளிப்படக் குழுவின் வேன் வந்து நின்றது. ருஷ்தி கமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். திறந்ததும் அவனுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. நஸ்லியா புதிதாக ஒரு நீள லென்ஸ் வாங்கியிருந்தாள். மஹ்மூத் நானா அதை மடியில் வைத்து, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் ஆசனத்திலிருந்து தினேஸ் எட்டி எட்டிப் பார்த்தான். ருஷ்தி சலாம் சொன்னான். பதில் வந்தது, ஆனால் எல்லாருடைய கண்ணும் லென்ஸில்தான் இருந்தது.

ருஷ்தி யார் என்று சொல்லாமல் மேலே போனால் அவன்மேல் வீணாக இரக்கம் வந்துவிடும். வயது நாற்பத்துமூன்று. மடவளை பஸாரில் பத்தொன்பது வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறான். கை சுத்தமான தொழில்காரன், அதில் குறை சொல்ல ஏலாது. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் நிக்காஹ் என்றால், மண்டபத்துக்குச் சொல்வதற்கு முன்பே அவனுக்குச் சொல்லிவிடுவார்கள். ஆண்கள் பக்கம் முழுக்க அவன் எடுப்பான். பெண்கள் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் கூப்பிடுவார்கள். மணப்பெண்ணும் உம்மாவும் மட்டும் நிற்க, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நாலு படம் எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவான். மிச்சமெல்லாம் யாராவது ஒரு சாச்சியின் போனில், ஆடி அசைந்து, பாதித் தலை வெட்டுப்பட்டுக் கிடக்கும்.

நாலு வருடத்துக்கு முன்பு அவனுடைய மாமா மகள் நஸ்லியா ஒரு கமரா வாங்கினாள். அவனைவிடப் பதினொரு வயது இளையவள், புருஷன் கத்தாரில். அவள் பெண்கள் பக்கத்துக்குள் போய், முக்காடும் மருதாணியும் சிரிப்பும் அழுகையும் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கலியாணத்தில் பார்த்ததை அடுத்த கலியாணக்காரர் கேட்டார்கள். பிறகு, ஒரே வீட்டு வேலையை எதற்கு இரண்டு இடத்தில் சொல்வது என்று ஆண்கள் பக்கத்தையும் அவளுடைய தம்பி ஹுதைபாவிடமே கொடுத்தார்கள். நஸ்லியா தன் வயிற்றில் அடித்துவிட்டாள் என்று ருஷ்தி பஸார் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அவள் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை, கூப்பிட்ட வீட்டுக்குப் போனாள், அவ்வளவுதான். இதை அவனிடம் எடுத்துச் சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது?

அவனுக்கு ஆறுதலாக ஒன்றே ஒன்று இருந்தது. நஸ்லியா இருநூறு கலியாணம் எடுத்திருந்தாலும் அதில் ஒரு படத்தைக்கூட வெளியில் காட்ட முடியாது. பெண்கள் பக்கத்துப் படம் அந்தந்த வீட்டு அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்படும். கடைக் கண்ணாடியில் மாட்ட ஏலாது, பேஸ்புக்கில் போட ஏலாது. ஒரு பெண் வந்து, என் முகம் இதில் வேண்டாம் என்றால், அவள் கண்ணுக்கு முன்னாலேயே அழித்துக் காட்ட வேண்டும். நஸ்லியா அப்படித்தான் தொழில் செய்தாள், அதனால்தான் வீடுகள் அவளை நம்பின. அவள் எடுத்த படம் நல்லது என்று ஊரே சொல்லும், ஆனால் ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை. ருஷ்தி இதை நினைத்து நினைத்துத்தான் இரவில் தூங்கினான்.

இப்போது அந்த ஆறுதலுக்கும் ஆபத்து வந்திருந்தது. குண்டசாலையைத் தாண்டிப் போனால் சுதுகல என்று ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரி. கல் வெட்டுவதை நிறுத்திப் பல வருடம். குழியில் ஊற்றும் மழையும் நிறைந்து, சுற்றிலும் மரம் வைத்து, பாதை போட்டு, அதைப் பூங்காவாக்கியிருந்தார்கள். அதன் வாசலில் பத்தடி உயரத்துக்கு ஒரு படம் வைக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. மஹ்மூத் நானாவின் ஒளிப்படக் குழு போய் எடுக்க வேண்டியது, குழுவே ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியது, படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் பெரிதாக வரும். போன மாதக் கூட்டத்தில் நஸ்லியா எல்லாருக்கும் முன்னால் வாய்விட்டே சொன்னாள். “ஆரும் பாக்கக் கூடிய படம் ஒண்டு, என்ட பேரோட, ஒரு எடத்துல நிக்கோணும். எனக்கு அது போதும்.” ருஷ்தி அன்றைக்கே முடிவெடுத்துவிட்டான். தன் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை, அவள் பெயர் வரக்கூடாது. இல்லை, தன் பெயரும் வரவேண்டும். இரண்டும் வேண்டும்.

மஹ்மூத் நானா ஓய்வுபெற்ற நில அளவையாளர். எல்லையும் கல்லும் பார்த்துப் பழகிய மனுஷன், குழுவுக்கும் அப்படியே சட்டம் வைத்திருந்தார். ஒருவர் கமராவை வைத்து நின்ற இடத்தில் அன்று முழுக்க வேறொருவர் நிற்கக்கூடாது. அவரவர் இடத்தை அவரவர் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றி எடுத்து முடிந்ததும் ஆளுக்கு ஒரு படம் கொடுக்க, பெயரில்லாமல் காட்டிக் கை உயர்த்தித் தெரிவுசெய்வார்கள். இரண்டாவது சட்டம் நஸ்லியா கொண்டுவந்தது. படத்தில் ஒருவர் முகம் இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லையென்றால் காட்டக்கூடாது என்பதோடு நிற்காமல், வைத்திருக்கவும் கூடாது, அவர் முன்னாலேயே அழிக்க வேண்டும். தெருவில் கண்டவனையெல்லாம் எடுத்துப் பழகிய தினேஸ் முதலில் முணுமுணுத்தான், பிறகு அவனும் ஒத்துக்கொண்டான்.

எட்டு மணிக்கெல்லாம் பதினொரு பேரும் குவாரிப் பாதையில் இறங்கினார்கள். பழைய லொறி ரோடு அது, வளைந்து வளைந்து குழியின் அடிவரை போகிறது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாறை படிகளாக வெட்டப்பட்டு நின்றது. வெடி வைக்கத் துளைத்த கோடுகள் மேலிருந்து கீழ்வரை அப்படியே தெரிந்தன. அடியில் தண்ணீர் பச்சையாக, அசைவில்லாமல் கிடந்தது. தினேஸ் துருப்பிடித்த கல்லுடைக்கும் மெஷினோடு மல்லுக்கட்டினான். குண்டசாலை டீச்சர் ஜெயராணி சுண்ணாம்புச் சூளைக்குள் தலையை விட்டு, தும்மிக்கொண்டே எடுத்தார். மஹ்மூத் நானா எப்போதும்போல ஒரு மரம்.

ருஷ்தி என்ன எடுத்தான் என்று கேட்டால், முதல் ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே எடுக்கவில்லை. கமரா கழுத்தில் தொங்கியது, கண் நஸ்லியாவின் பின்னால் போனது. அவள் குனிந்தால் இவனுக்குப் பதறியது. அவள் நின்று மேலே பார்த்தால், அங்கே என்ன இருக்கிறது என்று இவனும் பார்த்தான். ஒரு இடத்தில் அவள் ஜெயராணியோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள், அது தன்னைப் பற்றித்தான் என்று இவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உண்மையில் அவள் புதுச் சப்பாத்து காலைக் கடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் தண்ணீரோரம் இறங்கினாள். அங்கே ஒரு தட்டையான கல், ஒரு ஆள் முழங்காலிட அளவாக. அதில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். ருஷ்தி அந்தப் பக்கக் கரையில், தண்ணீருக்கு மேலே வெட்டுப்பட்ட ஒரு பாறைப் படியில் நின்றான். நடுவில் இரண்டு பஸ் நீளத்துக்குத் தண்ணீர். நஸ்லியா நீள லென்ஸை எடுத்துக் கமராவில் பூட்டினாள். தண்ணீரைக் குறிவைத்தாள். அவன் காலுக்குக் கீழே, பாறை தண்ணீரைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் இப்பால், அங்கேதான் அவள் கமரா பார்த்தது.

பத்து நிமிடம் அவள் அசையவில்லை. ருஷ்தியும் அசையவில்லை. அங்கே என்னதான் இருக்கிறது? மீனா? நீர்க்காகமா? படியின் நுனிவரை வந்து எட்டிப் பார்த்தான், மேலேயிருந்து பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அல்லாஹ்வே, இவளுக்குத் தெரிவது எனக்கு ஏன் தெரியவில்லை என்று மனம் அடித்துக்கொண்டது. பத்தொன்பது வருடம் தொழில் செய்த கண் இது, நேற்று வந்தவளின் கண் அது. அவள் ஒருமுறை அமுக்கினாள். பிறகு ஒருமுறை. மூன்றாவது தடவை அமுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தவள், கமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். படம் அமைந்துவிட்டால் தொழில்காரர் இருக்கும் இருப்பு அது. ருஷ்திக்கு அது நன்றாகத் தெரியும். அப்படி அவன் இருந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அவள் எழுந்து போய் வளைவில் மறையும்வரை பொறுத்தான். சுற்றிலும் ஒருவரும் இல்லை. கரையைச் சுற்றி ஓடினான், அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம். அந்தக் கல்லில், அவள் முழங்கால் பட்டுக் காய்ந்த மண் நசுங்கிக் கிடந்த அதே இடத்தில், முழங்காலிட்டான். எதிரே வெள்ளைப் பாறை, அதில் மூன்று வெடிக்கோடுகள், பக்கத்தில் ஒரு துருக்கறை. அவ்வளவும் தண்ணீருக்குள் நிழலாக விழுந்து, கோடுகள் பச்சைக்குள் இறங்கிக்கொண்டே போயின. அட, இதுதானா! இதைத்தான் கண்டிருக்கிறாள். வெயிலும் இப்போது நல்லாக விழுந்திருக்கிறது, அவளுக்குக் கிடைத்ததைவிட எனக்கு நல்லது கிடைக்கும். ஸ்டாண்டை ஊன்றி, மூச்சைப் பிடித்து, பன்னிரண்டு படம் எடுத்தான்.

பாறையில் தான் சற்று முன் நின்ற படியும் அதே நேரில்தான் இருந்தது. அது அவன் கண்ணில் பட்டது, புத்தியில் ஏறவில்லை. பத்தொன்பது வருடமாக, தன் கலியாணத்தைத் தவிர, அவன் எந்தக் கலியாண ஆல்பத்திலும் விழுந்ததில்லை. கமராக்காரனை யார் படமெடுப்பார்? எடுக்கிறவன் படத்துக்கு வெளியேதான் நிற்பான் என்று பழகிப்போன மனம் வேறு எதையும் யோசிக்கவில்லை.

முன்பு லொறிகளை எடை பார்த்து அனுப்பிய அலுவலகம் இப்போது கன்டீன். அங்கே பிளேன்டீயும் ரோல்ஸும் வந்தன. சுவரில் இருந்த டீவியில் மஹ்மூத் நானா தன் லெப்டொப்பைப் பூட்டி, படங்களை இலக்கப்படி காட்டினார். ஆறு படம் போனது, தினேஸின் மெஷினைக் கண்டு கொஞ்சம் கைதட்டல். ஏழாவது ருஷ்தியின் பச்சைத் தண்ணீர். ஜெயராணி டீச்சர், பார்க்கவே மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். மஹ்மூத் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ருஷ்தி ரோல்ஸைக் கடித்தபடி, ஒன்றும் தெரியாதவன்போல இருந்தான். ஓரக்கண்ணால் நஸ்லியாவைப் பார்த்தான். அவள் டீவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி சுருங்கியிருந்தது.

ஒன்பதாவது வந்தது.

அதே பாறை. அதே மூன்று கோடு, அதே துருக்கறை, எல்லாம் தண்ணீருக்குள். படத்தைப் போனில் தலைகீழாகத் திருப்பி, அவள் நிழலை நிமிர்த்தி வைத்திருந்தாள். பச்சைக்கு நடுவே நெஞ்சளவுக்கு ஒரு மனுஷன் இருந்தான். கழுத்தில் கமரா, ஆனால் கை அதைத் தொடவில்லை. கழுத்து நீண்டு, வாய் கொஞ்சம் திறந்து, அடுத்தவன் சோற்றுப் பீங்கானைப் பார்க்கும் பசிக்காரன் கண்ணோடு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஒரு நூல் அளவு அசைந்து, அந்த வாயின் ஓரத்தை மட்டும் இழுத்துவிட்டிருந்தது. யாரோ கரண்டியை வைத்த சத்தம் கேட்டது.

“ருஷ்தியண்ணே,” என்றான் தினேஸ், வழக்கமான கேலி இல்லாமல். “இது நீங்கதானே?”

ருஷ்திக்கு உடம்பெல்லாம் சுட்டது. ஏழாவதும் ஒன்பதாவதும் ஒரே கல்லில் இருந்து எடுத்தவை என்பதும் இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் அதைவிட அவனைச் சுட்டது வேறு. ஜெயராணி டீச்சர் டீவியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பாவம் என்கிற இரக்கம் இருந்தது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான்.

கை உயர்த்தினார்கள். ஒன்பதாவதுக்கு ஏழு. ஏழாவதுக்கு மூன்று, அதில் ஒன்று ருஷ்தியின் சொந்தக் கை. மஹ்மூத் நானாவின் மரத்துக்கு யாரோ பாவம் பார்த்து ஒன்று.

நஸ்லியா எழுந்து அவன் மேசைக்கு வந்தாள். கதிரையை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

“மச்சான், ஒங்கட மொகம் ஈக்கி அதுல. கேக்காம எடுத்தது என்ட பிழை. கேட்டிருந்தா அந்த மொகம் போயிரிக்கும்.” கமராவை மேசையில் வைத்தாள். “நீங்க ஓம் எண்டாத்தான் வாசலுக்குப் போகும். வாணாமெண்டா அழிச்சிருவேன்.”

அந்த நேரத்தில் அவன் தலைக்குள் என்ன ஓடியது என்பது தெரிந்த விஷயம். ஓம் என்றால், சுதுகலைக்கு வரும் ஒவ்வொருத்தனும் பத்தடி உயரத்தில் தன் வயிற்றெரிச்சலைப் பார்ப்பான், கீழே அவள் பெயர் இருக்கும். அதைக்கூட ஒருவேளை தாங்கிக்கொண்டிருப்பான். அந்தப் படம் மோசமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பான். ஆனால் அது நல்ல படம். அவன் வாழ்நாளில் பார்த்த நல்ல படங்களில் ஒன்று, அது அவனுக்கு முதல் நொடியே தெரிந்துவிட்டது. அவளுக்கு ஊர் பார்க்க இதைத் தவிர வேறு படமில்லை என்பதும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் அவனுக்காக வக்காலத்து வாங்க வரவேண்டாம். அவனுக்கு எல்லாம் தெரியும்.

“வாணாம்,” என்றான்.

மஹ்மூத் நானா “தம்பி” என்று ஏதோ சொல்ல வந்தார். நஸ்லியா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். கமராவை எடுத்து, மண்டபங்களில் பெண்களுக்குக் காட்டுவதுபோலவே, திரையை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். படம் சின்னதாக, துல்லியமாக இருந்தது. அழிக்கவா என்று கமரா கேட்டது. அவள் பெருவிரல் அமுக்கியது. மற்ற இரண்டையும் அதேபோல. பிறகு போனில் இருந்ததை, பிறகு லெப்டொப்பில் இருந்ததை. ஒவ்வொன்றுக்கும் அவன் பார்க்கிறானா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அமுக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது, அதை அவள் துடைக்கவுமில்லை.

ஒன்பதாவது போனால், வாசலுக்கு அடுத்து நிற்பது ஏழாவதுதான். மஹ்மூத் நானாவுக்குக் கோபம் முகத்தில் ஏறிவிட்டது. ஏழாவது படம் யாருடையது என்று சபையில் கேட்டார். ருஷ்தி கையைத் தூக்கினான். அவர் நஸ்லியாவின் பக்கம் திரும்பினார்.

“மகள், அது நீ நிண்ட கல். நீ ஒரு வார்த்த செல்லு, நான் இத நீக்கிப் போடுறேன்.”

ருஷ்தி அவள் வாயைப் பார்த்தான். சொல்லிவிடு என்று அவன் மனசில் ஒரு மூலை கெஞ்சியது, அது அவனுக்கே ஆச்சரியம். சொன்னால் கணக்குச் சரியாகிவிடும், இரண்டு பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம்.

“என்ட படமே இல்லயே நானா,” என்றாள் நஸ்லியா. “இல்லாத படத்துக்கு நான் எப்பிடி எடம் கேக்க?” எழுந்துபோய் ஜெயராணி டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன பிளேன்டீயை எடுத்துக் குடித்தாள்.

திரும்பி வரும்போது வேனில் ருஷ்திக்கு முன் ஆசனத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஒருவரும் அவனோடு சண்டை பிடிக்கவில்லை. தினேஸ், கண்டி டவுனில் தன் பிரின்டிங் கடையில்தான் படம் அடிக்க வேண்டும் என்பதால், பெயரை எப்படி எழுதுவது, எத்தனை எழுத்து என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டான். பின்னால் நஸ்லியா வரப்போகும் ஒரு வலீமா விருந்தைப் பற்றி டீச்சரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தாள். அவள் திட்டினால் என்ன என்று இருந்தது அவனுக்கு. மடவளைச் சந்திவரை அவள் திட்டவேயில்லை.

மூன்று வாரம் கழித்து வாசலில் படம் ஏறியது. மனைவி ருக்கியாவுக்குக் காட்டாமல் இருக்க முடியாது, மனுஷி அத்தனை சந்தோஷமாக இருந்தாள். பதினைந்து வருடம் அவனோடு வாழ்ந்தவள், குழுவில் நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. இரண்டு பஸ் மாறிப் போனார்கள். பத்தடிப் பச்சை, வெள்ளைப் பாறை, மூன்று கோடு. கீழே எம்.எச்.எம். ருஷ்தி, மடவளை. ஒரு குடும்பம் அதற்கு முன்னால் நின்று செல்பி எடுத்துவிட்டு, படத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் உள்ளே போனது. ருக்கியா பெயரைத்தான் முதலில் படித்தாள், மாஷா அல்லாஹ் என்றாள். பிறகு பின்னால் நடந்து, தலையைச் சாய்த்து, படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“வடிவா ஈக்கி,” என்றாள். “ஆனா என்னமோ ஒண்டு கொறயிற மாதிரி. ஆரயாவது அந்தக் கல்லுப் படியில நிப்பாட்டி எடுத்திரிக்கலாமே?”

ருஷ்தி படத்தின் நடுவே, தண்ணீர் வெறுமையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே இருக்க வேண்டியது எது என்று உலகத்தில் பதினொரு பேருக்குத் தெரியும். வெட்கப்படுவோம் என்றுதான் அவன் வந்தான். வந்தது வெட்கமில்லை. அந்தப் படத்தை அவள் எடுத்தாளே, நான் எடுக்கவில்லையே என்ற அதே எரிச்சல்தான், முதல் நாளைவிடப் பெரிதாக. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ருக்கியா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.